முகவரி சொல்லக் கூசும் பிள்ளைகள்



கண்டி நகரைத் துப்புரவாக வைத்திருக்கும் மாநகர சபைத் தொழிலாளர் குடும்பங்கள் பல தலைமுறைகளாக மஹய்யாவையில் வாழ்கின்றன. ஆங்கிலேயர் காலத்தில் இந்த வேலைக்காகத் தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்டோரின் சந்ததிகள் இவர்கள். இவர்கள் கூட்டிய தெருவில் நாம் நடக்கிறோம். ஆனால் இவர்களின் பிள்ளை தன் குடியிருப்பின் பெயரைச் சொன்னால் நம்மில் சிலரின் முகம் மாறிவிடுகிறது. இந்தக் குடியிருப்பின் மீது விழுந்துள்ள இழிபெயரைப் பேராதனைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கலிங்க டியூடர் சில்வாவும் அவருடன் சேர்ந்த ஆய்வாளர்களும் 2009இல் வெளியிட்ட நூலில் பதிவு செய்துள்ளார்கள்.

இழிபெயர் மனதை மட்டுமா நோகடிக்கிறது? பிள்ளையின் திறமையையே அது முடக்கிவிடுகிறது. கார்லா ஹோஃப், பிரியங்கா பாண்டே என்ற இரு பெண் ஆய்வாளர்கள் இந்தியாவின் உத்தரப் பிரதேசக் கிராமத்துச் சிறுவர்களுக்கு வழி கண்டுபிடிக்கும் புதிர்களைக் கொடுத்துப் பார்த்தார்கள். சாதியைச் சொல்லாதபோது எல்லாச் சிறுவர்களும் ஏறத்தாழ ஒரே அளவில் செய்தார்கள். எல்லோர் முன்னிலையிலும் பெயரோடு சாதியையும் வாசித்தபோது, தாழ்த்தப்பட்ட சாதிச் சிறுவர்கள் முடித்த புதிர்கள் வெகுவாகக் குறைந்தன. இந்த ஆய்வு 2004இல் வெளியானது. அதே பிள்ளைகள், அதே மூளை. இடையில் வந்தது ஒரு சொல்தான்! 'நம்மை இப்படித்தானே நினைக்கிறார்கள்' என்ற கலக்கம் பாடத்தில் இருக்க வேண்டிய கவனத்தைத் தின்றுவிடுகிறது.

நம் வீடுகளிலும் இது நடக்கிறதல்லவா? "சோனகப் பிள்ளைக்குப் படிப்பு ஏறாது, யாவாரம்தான் சரி" என்கிறோம். "பொம்பிளைப் பிள்ளைக்குக் கணக்கு எதற்கு?" என்கிறோம். வெளியார் சொன்னால் கொதிக்கும் நாம், அதையே உம்மாவாக இருந்து சொல்லிக் கொடுக்கிறோம்.

ஒருவரையொருவர் பரிகசிப்பதையும் பட்டப்பெயர் சூட்டுவதையும் அல்லாஹ் தடுத்துள்ளான் (அல்ஹுஜுராத் 49:11). பெண்களையும் அங்கே தனியாக விளித்தே எச்சரிக்கிறான். ஒருவரை அவருடைய தாயைச் சொல்லி இழிவுபடுத்திய அபூதர் (ரழி) அவர்களை, இன்னும் அறியாமைக் காலத்துக் குணம் உம்மிடம் உள்ளது என நபி (ஸல்) அவர்கள் கண்டித்தார்கள்.

ஆகவே சகோதரிகளே, உங்கள் பிள்ளையின் வகுப்புத் தோழி வீட்டுக்கு வந்தால், "எந்த இடம்? வாப்பா என்ன தொழில்?" என்று துருவாதீர்கள். என்ன பாடம் பிடிக்கும் என்று கேளுங்கள். உங்கள் பிள்ளை புள்ளி குறைவாக எடுத்தால் இனத்தையும் பரம்பரையையும் இழுக்காமல், விளங்காத கணக்கு எதுவென்று பாருங்கள். பிற பிள்ளைகளைப் பழித்துப் பேசும் பேச்சு உங்கள் அடுப்படியிலேயே நிற்கட்டும். பிள்ளைகளின் காதுக்குப் போக வேண்டாம்.

அல்லாஹ் நம் நாவுகளைப் பேணுவானாக! ஆமீன்.