ஓட்டுபவர் அமரும் முறை

வேளாங்கண்ணித் திருவிழா நெருங்குகிறது. நம்மில் பலர் குடும்பத்தோடு காரில் புறப்படுவோம். திருச்சியிலிருந்து செல்வோர்க்குப் போகும் வழி மட்டும் ஏறத்தாழ 150 கிலோமீட்டர். டயரில் காற்றைப் பார்க்கிறோம்; பிரேக்கைச் சரிபார்க்கிறோம்; பயணச் செபமும் சொல்கிறோம். ஓட்டுபவர் எவ்வாறு அமர்ந்திருக்கிறார் என்பதை மட்டும் எவரும் பார்ப்பதில்லை.

கூனி அமரும்போது, நிமிர்ந்து நிற்பதைக் காட்டிலும் முதுகெலும்பின் இடைத்தட்டுகள் மிகுதியான அழுத்தத்தைத் தாங்குகின்றன. வண்டியின் அதிர்வும் அதனோடு சேர்கிறது. வலி கண்டதும் உடல் நெளிகிறது. கவனம் சாலையை விட்டு விலகுகிறது. பின்னிருக்கையில் உறங்கும் குழந்தைகளோ அவரை நம்பியே உறங்குகிறார்கள்.

சரியாக அமர்வது கடினமன்று. இடுப்பு, இருக்கையின் பின்பகுதியோடு நன்கு பொருந்தட்டும். கிளச்சை முழுவதும் மிதித்த நிலையிலும் முழங்கால் சற்றே மடிந்திருக்க வேண்டும். தோளைச் சாய்மானத்தினின்று எடுக்காமல் கையை நீட்டினால், மணிக்கட்டு ஸ்டியரிங்கின் மேல்விளிம்பைத் தொட வேண்டும். காற்றுப்பை உள்ள வண்டியில் மார்புக்கும் ஸ்டியரிங்குக்கும் இடையே 25 செ.மீ.யேனும் இடைவெளி தேவை. தலைதாங்கியின் மேல்விளிம்பு தலையுச்சிக்கு நேராக இருப்பது நன்று. பெல்ட்டின் கீழ்ப்பட்டை வயிற்றின்மீதன்று, இடுப்பெலும்பின்மீது படியட்டும். கால்சட்டையின் பின்பையில் உள்ள பணப்பையை எடுத்துவிடுங்கள்; அது இடுப்பை ஒருபுறம் சாய்க்கும். இடுப்பு வளைவுக்கு ஆதாரமில்லையேல், சுருட்டிய சிறு துண்டு போதும்.

கணவருக்கென அமைத்த இருக்கையை மாற்றாமல், அதன் நுனியில் அமர்ந்து ஓட்டும் தாய்மாரை நாம் காண்கிறோம். இருக்கையை முன்னே நகர்த்தவும் கண்ணாடிகளைத் திருத்தவும் ஒரு நிமிடம் போதும். அந்த ஒரு நிமிடத்தைக் கணவரும் பிள்ளைகளும் பொறுமையோடு அளிக்கட்டும்.

இரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறையேனும் வண்டியை நிறுத்தி, இறங்கிச் சற்று நடத்தல் வேண்டும். தஞ்சையிலும் திருவாரூரிலும் நிற்பதால் திருப்பயணம் குறைந்துவிடாது. வலி காலுக்கு இறங்கினாலோ, கால் மரத்துப்போனாலோ மருத்துவரை நாடுவதே முறை.

“வலியை ஆண்டவருக்கு ஒப்புக்கொடுத்துவிட்டு ஓட்டுகிறேன்” என்பார் சிலர். நீக்க முடியாத வலியைப் பொறுமையோடு ஏற்பது புண்ணியமே. ஆனால், நீக்கக்கூடிய வலியைச் சுமந்துகொண்டு பிறர் உயிருக்கு இடர் விளைவிப்பது ஒறுத்தலாகாது. நம் உடல் பரிசுத்த ஆவியின் ஆலயம் எனப் புனித சின்னப்பர் கற்பிக்கிறார். அன்னையின் ஆலயத்தை நோக்கிச் செல்லும் நாம், வழியில் இந்த ஆலயத்தையும் பேணுவோம்.