கேட்காமல் போட்டுக் கொடுத்த ஆப்

நம் வீட்டுப் பெரியவர்களின் சேமிப்புக் கணக்கை இணையத்துக்குக் கொண்டுபோனது நாம்தான். வங்கிகள் விளம்பரம் செய்தன, அரசு ஊக்கம் கொடுத்தது, எல்லாம் சரி. ஆனால் அப்பாவின் கைபேசியை வாங்கி, வங்கி ஆப்பை இறக்கி, பின் நம்பரையும் நாமே வைத்து, “இனிமே பேங்குக்கு அலைய வேண்டாம்ப்பா” என்று திருப்பிக் கொடுத்தவர்கள் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்தான். உங்களுக்குக் கைபேசி வசதிப்படுமா, கம்ப்யூட்டரில் பிரவுசர் வழியாகப் பார்ப்பது வசதிப்படுமா, எந்த வேலைக்கு எது என்று நாம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் விளக்கமும் சொல்ல வேண்டியிருக்கும். அந்த விளக்கத்தை நாமும் தேடித் தெரிந்துகொள்ளவில்லை.

வங்கி ஆப்பை முதன்முறை திறக்கும்போது அது அந்தக் கைபேசியிலிருந்தே தானாக ஒரு எஸ்.எம்.எஸ். அனுப்புகிறது. வங்கியில் பதிந்த எண்ணின் சிம் இந்தக் கருவியில்தான் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு, கணக்கை இந்தக் கருவியோடு சேர்த்துக் கட்டுகிறது. எங்கோ உட்கார்ந்திருக்கும் ஒருவனுக்கு நம் ரகசிய எண் தெரிந்தாலும் அவனுடைய கைபேசியிலிருந்து எளிதில் உள்ளே வர முடியாது. இது பெரிய பாதுகாப்பு, மறுப்பதற்கில்லை. ஆனால் ஆப், சிம், ஓ.டி.பி. வந்து விழும் இடம் மூன்றும் ஒரே கருவிக்குள் அடைந்துவிடுகின்றன. டிராஃபிக் அபராதம், கே.ஒய்.சி. புதுப்பிப்பு என்று ஏதோ பெயரில் வாட்ஸ்அப்பில் வரும், ஆப்பை நிறுவும் ஏ.பி.கே. கோப்பை அம்மா தொட்டு, அது கேட்கும் அனுமதிகளுக்கெல்லாம் சரி என்று அழுத்திவிட்டால், வரும் எஸ்.எம்.எஸ். எல்லாவற்றையும் அது படித்து வெளியே அனுப்பிவிடும். “ஓ.டி.பி.யை யாருக்கும் சொல்லாதீங்க” என்று ஆயிரம் முறை சொன்னோம். வாய் திறக்காமலே அது போய்விடும் என்பதைச் சொல்லவில்லை.

வீட்டுக் கம்ப்யூட்டரில் நெட் பேங்கிங் பார்ப்பவருக்கு பாஸ்வேர்டு ஓரிடம், ஓ.டி.பி. இன்னோரிடம். பட்டன் போனில்கூட ஓ.டி.பி. வரும், அதில் ஏ.பி.கே. ஏறாது. திரை பெரிது. ஒரு வருட ஸ்டேட்மென்ட், எஃப்.டி. முதிர்வுத் தேதி, நாமினி பெயர் எல்லாவற்றையும் கண்ணாடி போட்டு நிதானமாகப் படிக்கலாம். ஆபத்து முகவரியில் இருக்கிறது. வங்கியின் பெயரைத் தேடி, மேலே வந்த விளம்பரத்தைத் தட்டி, அச்சு அசலாக இருக்கும் போலிப் பக்கத்தில் பாஸ்வேர்டைக் கொடுத்து ஏமாறுவது இந்த வழியில்தான்.

இதற்கு ரிசர்வ் வங்கி ஒரு வழி செய்திருக்கிறது. நம் வங்கிகள் எல்லாம் ‘டாட் பேங்க் டாட் இன்’ என்று முடியும் முகவரிக்கு 2025 அக்டோபர் 31-க்குள் மாற வேண்டும் என்று உத்தரவிட்டது. அந்த முகவரியை ஹைதராபாத்தில் உள்ள வங்கித் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனமான ஐ.டி.ஆர்.பி.டி. மட்டுமே பதிந்து கொடுக்கும். வங்கி அல்லாத எவரும் வாங்க முடியாது. முகவரியின் நடுவில் எங்காவது அந்தச் சொற்கள் இருந்தால் போதாது. தொடக்கத்தில் உள்ள ‘https://’ஐ விட்டுவிட்டால், முதல் சாய்கோட்டுக்கு முன்னால் கடைசியாக அவைதான் நிற்க வேண்டும். ஐந்து நிமிடத்தில் சொல்லிக்கொடுக்கக்கூடிய விஷயம் இது. எத்தனை வீடுகளில் சொன்னோம்?

வளைகுடாவுக்கு வேலைக்குப் போன நம் தம்பிகளையும் இப்படித்தான் விட்டோம். அங்கே ஒரு சிம் வாங்கியதும் ஊர் சிம் ரீசார்ஜ் இல்லாமல் செத்துப்போகிறது. ஆப்பைப் புதிதாகப் பதிய முடியாது, பிரவுசரில் போனாலும் ஓ.டி.பி. வராது. துண்டிக்கப்பட்ட எண்ணை 90 நாள் கழிந்தபின் வேறொருவருக்குக் கொடுத்துவிடலாம். அதன்பின் வங்கிச் செய்திகள் யார் கைக்குப் போகும்? விமான நிலையத்தில் வழியனுப்பியபோது ஊறுகாய் வரை யோசித்துக் கட்டிக்கொடுத்த நாம், வங்கியில் பதிந்த எண்ணை யோசிக்கவில்லை.

பார்வையற்றவர்களை இன்னும் மோசமாக மறந்தோம். கணக்கு தொடங்க ஆப்பில் முகம் காட்டு, கண் சிமிட்டு என்றால் கண் பாதிக்கப்பட்டவர் என்ன செய்வார்? ஆசிட் வீச்சில் பாதிக்கப்பட்டவர்களும் பார்வையற்ற ஒருவரும் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். இணைய வசதியை அணுகும் உரிமை அரசியல் சாசனத்தின் 21-வது பிரிவுக்குள் அடங்கும் என்று 2025 ஏப்ரல் 30-ல் தீர்ப்பு வந்தது. அடிபட்டவர்களே போராடிப் பெற்ற தீர்ப்பு அது. அந்த ஆப்களைத் தினமும் பயன்படுத்திக்கொண்டிருந்த நாம் ஒரு புகார்க் கடிதம்கூட எழுதியதில்லை.

கும்பகோணத்தில் 1904-லும், சென்னையில் 1907-லும், கரூரில் 1916-லும், தூத்துக்குடியில் 1921-லும் வங்கிகள் பிறந்த மண் இது. இங்கே பத்திரிகைகளில் எழுதும் நாங்கள் எந்த வங்கி எத்தனை சதவீத வட்டி தருகிறது என்று எழுதினோம். அந்தப் பணத்தை எந்த வாசல் வழியாகப் பார்ப்பது, எந்த வாசலைப் பூட்டி வைப்பது என்று எளிய தமிழில் எழுதுவதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தோம்.

இவை எல்லாவற்றையும்விட எனக்கு வலிப்பது வேறொன்று. 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. அதன்படி, வாடிக்கையாளர் மீதும் வங்கி மீதும் தவறில்லாமல் மூன்றாம் ஆள் பணத்தைத் திருடியிருந்தால், வங்கியிலிருந்து தகவல் வந்த மூன்று வேலை நாட்களுக்குள் புகார் செய்யும் வாடிக்கையாளருக்கு நஷ்டமே இல்லை. நான்கிலிருந்து ஏழு வேலை நாள் என்றால் சாதாரண சேமிப்புக் கணக்கில் அவர் தலையில் விழுவது அதிகபட்சம் 10,000 ரூபாய். அதற்கும் தாமதித்தால் வங்கியின் சொந்த விதிதான். ரகசிய எண்ணை அவரே கொடுத்திருந்தாலும், புகார் செய்த பிறகு போகும் பணம் வங்கியின் பொறுப்பு. ஒவ்வொரு மணி நேரமும் காசு. அந்த நேரத்தைத்தான் நம் பெரியவர்கள் பயத்தில் இழக்கிறார்கள். பிள்ளை திட்டுவான், மருமகள் முன்னால் தலைகுனிவு, போனைப் பிடுங்கிக்கொள்வார்கள் என்று பணம் போனதையே மறைக்கிறார்கள். பென்ஷன் வாங்கித் தன் செலவைத் தானே பார்த்துக்கொண்ட மனிதரை அந்த நிலைக்குத் தள்ளியது நம் கோபம். திருடனுக்கு அது கொடுத்த அவகாசம் வேறு எதுவும் கொடுத்திருக்காது.

ஆப், பிரவுசர் இரண்டில் எது நல்லது என்று ஒரே வரியில் சொல்ல முடியாது. ஆனால் என் முடிவு தெளிவாக இருக்கிறது. வயதானவரின் பெருந்தொகை ஒரு கணக்கில் இருக்கட்டும், அதில் யு.பி.ஐ. வேண்டாம், ஆப் வேண்டாம், வீட்டுக் கம்ப்யூட்டரில் பிரவுசர் வழியாக மட்டும் பார்க்கட்டும். பாலுக்கும் மருந்துக்கும் கேஸுக்கும் சில ஆயிரம் உள்ள இன்னொரு கணக்கு ஆப்பில் இருக்கட்டும். கார்டில் ஆன்லைன் வசதியை நிறுத்தவும் வரம்பு வைக்கவும் 2020 அக்டோபரிலிருந்து எல்லா வங்கிகளிலும் வழி உண்டு; அதையும் செய்துவிடுங்கள். கம்ப்யூட்டர் இல்லாத வீடுகளில் பாஸ்புக்கும் கிளையும் போதும், அதில் குறைச்சல் ஒன்றும் இல்லை. பிரவுசிங் சென்டரில் மட்டும் நெட் பேங்கிங் வேண்டவே வேண்டாம்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை வீட்டுப் பெரியவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து, எது வசதிப்படும் என்று கேளுங்கள். பின் நம்பரை அவர்களே மாற்றிக்கொள்ளட்டும். பணம் போயிருந்தால் முதல் அழைப்பு சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு, அடுத்தது வங்கிக்கு. ஏன் தொட்டீர்கள் என்ற கேள்வியை அன்றைக்குக் கேட்காதீர்கள்.