ரெண்டு புள்ளியை விட்டுட்டீங்களே பாஸ்!

விழுப்புரத்துல பாண்டி பஸ் ஏறி, கண்டமங்கலம் தாண்டும்போது ஜன்னல் வழியா பாருங்க. நெல்லு, கரும்புன்னு பச்சைப்பசேல். வயல்ல யாராச்சும் யூரியா விசிறிட்டு இருந்தா ஒரு டவுட் வரணும். காத்துல 78 சதவிகிதம் நைட்ரஜன்தானே? ஓசியில கிடைக்கிறதுக்கு எதுக்கு மூட்டை மூட்டையா காசு?

பதில், நாம தூங்கி வழியற கெமிஸ்ட்ரி கிளாஸ்ல இருக்கு. எலெக்ட்ரான் புள்ளிப் படம்! 1916-ல ஜி.என்.லூயிஸ் ஆரம்பிச்சு வெச்சது. ரூல் ரொம்ப சிம்பிள். வெளிக்கூட்டு எலெக்ட்ரான்களைக் கூட்டுங்க. பிணைப்புக்கு ரெண்டு ரெண்டா வைங்க. மிச்சத்தைப் பங்கு போடுங்க. ஹைட்ரஜனுக்கு 2, நைட்ரஜனுக்கு 8 வரணும்.

நைட்ரஜன் வாயு: 5+5=10. ஒரு பிணைப்பு போட்டு, மிச்ச எட்டை ஆளுக்கு நாலா கொடுத்தா, ஒவ்வொருத்தர்கிட்டயும் 6-தான். பத்தலை. ஸோ, ஆளுக்கு ஒரு ஜோடியை நடுவுல தள்ளுங்க. மூணு பிணைப்பு ஆச்சா? அதை உடைக்க மோலுக்கு 945 கிலோஜூல் வேணும். பயிரால அது முடியாது. அதான் ஃபேக்டரியில இரும்பு வினையூக்கி, அதிக அழுத்தம், 400 டிகிரிக்கு மேல சூடுன்னு படாதபாடு பட்டு அம்மோனியா பண்றாங்க. அதுல இருந்துதான் யூரியா.

அம்மோனியா: 5+3=8. மூணு பிணைப்புக்கு 6 போச்சு. மிச்சம் 2. பாதிப் பேர் கோட்டை விடுறது இங்கதான்! அந்த ரெண்டு புள்ளியும் நைட்ரஜன் தலையில உட்காரணும். அதுதான் லோன் பேர்.

பரீட்சையில விட்டா மார்க் போகும். வயல்ல? மண்ணுல யூரியா உடைஞ்சு அம்மோனியா ஆகும். ஈரம் இருந்தா, அந்த லோன் பேர் ஒரு ஹைட்ரஜன் அயனியைப் பிடிச்சு அம்மோனியம் ஆயிடும். கணக்கு பாருங்க: 5+4=9, பிளஸ் சார்ஜுக்கு ஒண்ணு கழிச்சா 8. நாலு பிணைப்பு, மிச்சம் பூஜ்யம். களிமண் துகளுக்கு மைனஸ் சார்ஜ். அதனால கப்புனு பிடிச்சுக்கும். மண்ணு மேலயே போட்டு விட்டுட்டா? ஒரு பகுதி அம்மோனியாவாவே காத்துல எஸ்கேப். காசும்தான்!

அதே புள்ளிங்க வில்லனும் ஆகும். 2023 டிசம்பர்ல எண்ணூர்ல கடலுக்கடியில போற குழாய்ல அம்மோனியா கசிஞ்சப்போ, ஜனங்களுக்கு கண் எரிச்சல், மூச்சுத் திணறல். கண்ணுல, தொண்டையில இருக்கிற தண்ணிகிட்ட லோன் பேர் ஹைட்ரஜன் அயனியைப் பிடுங்கிக்கும். மிச்சமாகிற ஹைட்ராக்சைடு அரிக்கும்.

ஹோம்வொர்க்: யூரியாவுக்கு நீங்களே போடுங்க. நடுவுல கார்பன், அதுக்கு ஆக்சிஜனோட இரட்டைப் பிணைப்பு. மொத்தம் 24 எலெக்ட்ரான், லோன் பேர் 4 வந்தா நீங்க பாஸ். அப்புறம், நைட்ரிக் ஆக்சைடுக்கு 5+6=11. ஒத்தைப்படை! அந்தத் தனிக்கட்டையை எங்கே உட்கார வைப்பீங்க? யோசிச்சு வைங்க, அடுத்த வாரம் பேசலாம்.