கொஞ்சம் பிரைட் பண்ணட்டுமா?

போன தடவை விசா புதுப்பிக்க எடுத்த ஃபோட்டோ வீட்டில் எங்காவது கிடக்கும். அதைத் தேடி எடுத்துக் கண்ணாடி முன்னால் போய், முகத்துக்குப் பக்கத்தில் பிடித்துப் பாருங்கள். இரண்டும் ஒரே நிறமா? முவைலாவில் எனக்குத் தெரிந்த பிள்ளைகளிடம் இதைக் கேட்டால் பெரும்பாலும் சிரிக்கிறார்கள். "அது ஸ்டூடியோ கலர் அண்ணா" என்றாள் ஒருத்தி. தோலுக்கு ஒரு கலர், ஸ்டூடியோவுக்கு ஒரு கலர். அதை எவ்வளவு சாதாரணமாக ஏற்றுக்கொண்டுவிட்டோம்! எனக்கு அது சாதாரணமாகப் படவில்லை.

பழி என்னவோ எப்போதும் ஃப்ளாஷ் மேல்தான். "ஃப்ளாஷ் போட்டா வெளுத்துடும்" என்கிறார்கள் பெரியவர்கள். "ஃப்ளாஷ் செயற்கை, இயற்கை வெளிச்சம்தான் கலை" என்று யூடியூபில் வகுப்பு எடுக்கிறார்கள் சிலர். நான் படித்தது இன்ஜினியரிங், பிழைப்பது ஐ.டி.யில். வார இறுதியில் ஹாலில் சோபாவை ஓரமாகத் தள்ளிவிட்டு, டி.எஸ்.எல்.ஆரும் ஸ்டூடியோ ஃப்ளாஷும் வைத்துத் தெரிந்தவர்களைப் படம் எடுப்பேன். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்: அந்த அறையில் ஆள் பார்த்து நடக்காத ஒரே ஜீவன் ஃப்ளாஷ்தான்.

பவரைப் பாதிக்கு வைத்தால் பாதி. எதிரில் உட்கார்ந்திருப்பது யாராக இருந்தாலும், ஒவ்வொரு தடவையும் அதே வெளிச்சம். கேமராவுக்குள் இருக்கும் மீட்டர் அப்படி இல்லை. அது பொருளில் பட்டுத் திரும்பி வரும் வெளிச்சத்தை அளக்கிறது, பார்ப்பதெல்லாம் நடுத்தரச் சாம்பல் நிறம் என்று நினைத்துக்கொள்கிறது. கறுப்பான ஒரு பையனை வெள்ளைச் சுவர் முன்னால் நிறுத்தி ஆட்டோவில் எடுத்தால், சுவரைச் சாம்பலாக்கப் போய்ப் பையனைக் கரிக்கட்டை ஆக்கிவிடும். அவன் முகமே ஃபிரேமை நிறைத்தால், முகத்தைச் சாம்பலாக்கப் போய் வெளுக்க வைத்துவிடும். கேமராவும் ஃப்ளாஷும் மேனுவலில் இருந்தால் இந்த ஊகத்துக்கே இடமில்லை. முகத்தில் விழும் வெளிச்சத்தை லைட் மீட்டரை வைத்தோ சாம்பல் அட்டையை வைத்தோ ஒரு தடவை சரிபார்த்துவிட்டால் போதும். வெள்ளை வெள்ளையாக, மாநிறம் மாநிறமாக, கறுப்பு கறுப்பாகப் பதியும்.

அப்படியென்றால் வெளுப்பு எங்கிருந்து வருகிறது? பவரை ஒரு படி கூட்டுகிற கையிலிருந்து. அல்லது பிறகு கம்ப்யூட்டரில் உட்கார்ந்து முகத்தை மெழுகுகிற கையிலிருந்து.

அந்தக் கைக்கு வயது அதிகம். ஃபோட்டோஷாப் வருவதற்கு வெகு காலம் முன்பே நெகட்டிவ் மேல் பென்சிலால் தீட்டி முகத்தைச் சரிசெய்வது ஸ்டூடியோக்காரர்களின் தொழில்தான். நெகட்டிவில் பென்சில் பட்ட இடம் பிரிண்டில் வெளுத்து வரும். புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள், பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் ஆவணங்களுக்கான திட்டத்தின் உதவியோடு தமிழ்நாட்டுப் பழைய ஸ்டூடியோ படங்களைத் தேடிச் சேகரித்து டிஜிட்டல் ஆக்கியிருக்கிறார்கள். நேரம் கிடைத்தால் இணையத்தில் பாருங்கள். நம் கொள்ளுத்தாத்தா காலத்து முகங்கள், திரைச்சீலை, நாற்காலி, விறைத்த கைகள் எல்லாம் இருக்கும்.

வெளிநாட்டுக் கதை இதைவிட மோசம். கோடாக் நிறுவனம் கலர் பிரிண்ட் சரியாக வருகிறதா என்று பார்க்க லேபுகளுக்கு ஒரு மாதிரி அட்டை அனுப்பியது. அதில் இருந்தது ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் முகம். அட்டைக்கே 'ஷெர்லி கார்டு' என்று பெயர். அவள் தோல் சரியாக வந்தால் கலர் சரி. பல நிறத்துப் பெண்களும் அட்டையில் இடம் பிடிக்க 1990கள் வரை ஆனது. போலராய்டின் ஐடி-2 கேமராவின் பின்பக்கம் ஃப்ளாஷ் வெளிச்சத்தைக் கூட்ட ஒரு தனிப் பொத்தான் இருந்தது. தென்னாப்பிரிக்காவில் கறுப்பின மக்கள் கட்டாயமாகச் சுமக்க வேண்டியிருந்த பாஸ்புக்குகளுக்குப் படம் எடுக்க போலராய்டு பயன்பட்டதைக் கண்டுபிடித்து, 1970-ல் அந்தக் கம்பெனியிலேயே வேலை பார்த்த கரோலின் ஹன்டரும் கென் வில்லியம்ஸும் போராட்டத்தைத் தொடங்கினார்கள். 1977-ல் போலராய்டு அந்த நாட்டை விட்டு வெளியேறியது. அடையாள அட்டைப் படம் அரசியல் இல்லை என்று யாராவது சொன்னால் இந்த இரண்டு பெயர்களையும் சொல்லுங்கள்.

ஃபிலிம் காலத்தில் "ஃபிலிம் அப்படித்தான்" என்று சொல்லித் தப்பிக்கலாம். இன்றைய சென்சாருக்கு அந்தச் சாக்கு கிடையாது.

கடைக்காரர் பக்கத்து நியாயமும் எனக்குத் தெரியும். "நாங்களா செய்யிறோம்? கஸ்டமர் கேக்கிறாங்க." உண்மைதான். "கொஞ்சம் வெள்ளையாப் போட்டுக் குடுங்க தம்பி" என்று சொல்வது நம் அம்மாக்களும் பெரியம்மாக்களும்தான். கல்யாண பயோடேட்டா என்றால் கேட்கவே வேண்டாம். ஆனால் கேட்காதவர்களுக்கும் செய்கிறார்களே? என் அக்கா மகளைப் பள்ளி ஃபார்முக்காக ஒரு கடைக்குக் கூட்டிப் போனேன். பதினொரு வயது. யாரும் ஒன்றும் கேட்கவில்லை. மூன்றே நிமிடத்தில் இரண்டு ஷேட் வெளுத்த ஒரு பெண் கவரில் வந்தாள். பிள்ளை அழுதிருந்தால்கூடப் பரவாயில்லை. அவளுக்கு அந்தப் படம் பிடித்துவிட்டது. இன்றைக்கும் அவள் டிபி அதுதான்.

சரி, நீங்களே எடுப்பதென்றால்? ஒரு ஃப்ளாஷ், ஒரு பெரிய சாஃப்ட்பாக்ஸ், ஒரு ட்ரிகர் போதும். பழையதே வாங்கலாம். கேமராவை மேனுவலில் 1/160, எஃப் 8, ஐ.எஸ்.ஓ 100 என்று வையுங்கள். ஃப்ளாஷை அணைத்து ஒரு படம் எடுத்தால் கிட்டத்தட்டக் கறுப்பாக வர வேண்டும். அப்போதுதான் டியூப்லைட்டின் பச்சை உள்ளே நுழையவில்லை என்று அர்த்தம். ஷட்டரை இஷ்டத்துக்கு ஏற்றாதீர்கள். நிறைய கேமராக்களில் 1/200 அல்லது 1/250 தாண்டினால் படத்தில் கறுப்புப் பட்டை விழும். ஒயிட் பேலன்ஸ் ஃப்ளாஷில் இருக்கட்டும்.

கறுப்புத் தோலின் அழகு வெளிச்சத்தின் அளவில் இல்லை, அது படும் கோணத்தில் இருக்கிறது. சாஃப்ட்பாக்ஸைப் பக்கவாட்டில், கண்ணுக்குக் கொஞ்சம் மேலே, கைக்கெட்டும் தூரத்தில் வைத்துப் பாருங்கள். கன்னத்து எலும்பு ஓரமாக மெல்லிய ஒரு மினுக்கம் ஓடும். அதுதான் முகத்துக்கு வடிவம் கொடுக்கிறது. அதைப் பவுடர் போட்டு மறைப்பது பாவம். மறுபக்கம் ஒரு வெள்ளைத் தெர்மோகோல் அட்டை நிறுத்தினால் நிழல் இளகும். குடும்பப் படம் என்றால் லைட்டைப் பின்னால் இழுங்கள். லைட்டிலிருந்து ஒரு மீட்டரில் அப்பாவும் இரண்டு மீட்டரில் அம்மாவும் இருந்தால் அம்மாவுக்குக் கால்வாசி வெளிச்சம்தான். அதையே மூன்று, நான்கு மீட்டர் ஆக்கினால் பாதிக்கு மேல் கிடைக்கும்.

இயற்கை வெளிச்ச பக்தர்களுக்கு ஒரு வார்த்தை. ஜூலை மதியம் முவைலாவில் வெளியே நின்று எடுத்துக் காட்டுங்கள். உச்சி வெயிலில் கண் இரண்டும் குழியாக வரும், பாட்டிக்கு மயக்கமும் வரும். வேலை முடிந்து ஏழு மணிக்கு வீடு திரும்பும் அப்பாவுக்கு எந்த ஜன்னல் வெளிச்சம் காத்திருக்கிறது?

இத்தனை வேகம் எதற்கு என்று கேட்கலாம். இங்கே பிறந்து வளர்ந்த நமக்கு இந்த ஊர் கொடுத்த காகிதங்களில் பாதி காலாவதி ஆகும், மீதி கேன்சல் ஆகும். இரண்டு மூன்று வருடத்துக்கு ஒன்றாகச் சேர்ந்த அந்த ஃபோட்டோக்கள்தான் நாம் இங்கே வளர்ந்ததற்கு வரிசையான சாட்சி. அதில் இருப்பது வேறு யாரோ என்றால் எப்படி?

சட்டமும் இப்போது நம் பக்கம். 2025 செப்டம்பர் 1 முதல் இங்குள்ள இந்தியத் தூதரகங்கள் பாஸ்போர்ட்டுக்குச் சர்வதேச விமானப் போக்குவரத்து அமைப்பின் விதிப்படி எடுத்த படத்தைத்தான் கேட்கின்றன. தோல் நிறம் இயல்பாக இருக்க வேண்டும், மென்பொருளால் மாற்றியிருக்கக் கூடாது, வெளிச்சம் சீராக இருக்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. அடுத்த தடவை கடையில் "கொஞ்சம் பிரைட் பண்ணட்டுமா?" என்று கேட்டால் இதைச் சொல்லுங்கள். கேட்காமலே மவுஸை எடுத்தாலும் சொல்லுங்கள். கடைக்காரர் மலையாளியாக இருந்தால் இன்னும் சுலபம்: "சேட்டா, எடிட் வேண்டா."