விளக்கும் வேலியும்

நாட்டுக்கு நன்மை தரும் ஒரு காரியத்தை, அது நடைபெறவுள்ள ஊரின் மக்களே எதிர்க்கும்போது, பட்டணத்துப் படிப்பாளிகள் வியப்படைகின்றனர். “விளக்கு வேண்டும், மின் நிலையம் வேண்டாமா?” என்று கேட்கின்றனர். கேள்வி நியாயமானது போலத் தோன்றும். ஆனால் ஊரவர் கேட்பது வேறு. மின் நிலையம் யாருடைய வேலியோரத்தில், எவ்வளவு தூரத்தில், யாரைக் கேட்டு அமைக்கப்படுகிறது என்பதே அவர்களுடைய கேள்வி.

அண்மையில் பூநகரியில் என் சிறியதந்தையார் வீட்டில் இரண்டு நாட்கள் தங்கியிருந்தேன். 2008இல் உடுத்த துணியுடன் வெளியேறி, போர் ஓய்ந்தபின் 2010இல் திரும்பி வந்து, இடிந்த சுவரின்மேல் மீண்டும் சுவர் வைத்தவர் அவர். மொட்டைக்கறுப்பன் விளையும் அவரது வயலில் உழவு இயந்திரத்தின் ஓசையைக் காட்டிலும் காற்றின் ஓசையே பெரிது. அந்தக் காற்றைத் தேடித்தான் கம்பனிகள் வன்னிக் கரைக்கு வருகின்றன.

மன்னாரில் 250 மெகாவாட், பூநகரியில் 234 மெகாவாட், ஆக 484 மெகாவாட் மின்சாரத்தைக் காற்றிலிருந்து எடுக்கும் திட்டமொன்று இந்தியாவின் அதானி நிறுவனத்துக்கு வழங்கப்பட்டதை வாசகர் அறிவர். 2024இல் அமைச்சரவை அதற்கு விலையும் குறித்தது. ஆட்சி மாறியபின் அவ்விலையைப் பற்றி மீண்டும் பேச அரசாங்கம் முற்பட்டது. 2025 பெப்ரவரியில் நிறுவனம் விலகிக்கொண்டது. இதைப் பற்றிச் சிறியதந்தையாரிடம் கேட்டேன். “வந்ததையும் பத்திரிகையிலேதான் பார்த்தோம், தம்பி, போனதையும் பத்திரிகையிலேதான் பார்த்தோம்” என்றார். அவர் குரலில் கோபமில்லை. இருந்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

நிற்க. எதிர்ப்பவர் பக்கமே நியாயம் முழுவதும் உள்ளது என்று நான் வாதிட வரவில்லை. 2022இல் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம் வரை இருளில் இருந்தோமே, அதனை மறத்தல் தகாது. எண்ணெய்க்குக் கொடுக்க நாட்டிடம் பணமிருக்கவில்லை. காற்றும் வெயிலும் நமக்கு விலையின்றிக் கிடைப்பவை. அவற்றை வேண்டாமென்றால் எரிக்க நிலக்கரியே மிஞ்சும். நுரைச்சோலையில் 900 மெகாவாட் அனல் மின் நிலையம் நிற்கிறது. கிளிநொச்சியில் நாம் ஏற்றும் விளக்கின் சாம்பல் அங்குள்ளவர் முற்றத்தில் விழுகிறது. நம் ஊருக்கு வேண்டாமென்று சொல்லும்போது, வேறோர் ஊருக்கு ஆகட்டும் என்று சொல்லாமற் சொல்கிறோமோ என்று நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஆயினும், ஊரவரின் அச்சம் வெறும் அறியாமையன்று. அது அனுபவத்திற் பிறந்தது. சுன்னாகத்தில் டீசல் மின் நிலையத்தின் அயலிலிருந்த கிணறுகளில் எண்ணெய் கலந்த கதையை வடக்கில் அறியாதார் இல்லை. தலைமுறை தலைமுறையாகக் குடித்த நீரை மக்கள் முகர்ந்து பார்த்துவிட்டுக் கொட்டினர். 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் அந்நிலையத்தை நடத்திய கம்பனி இரண்டு கோடி ரூபா இழப்பீடு வழங்க வேண்டுமெனத் தீர்த்தது. தீர்ப்பு வந்தது, பழைய கிணற்றுநீர் அதனோடு வந்துவிடவில்லை. டீசலும் காற்றும் ஒன்றல்ல என்பது உண்மை. ஆனால் காற்றாலைக்கும் ஆழமான கொங்கிறீற்று அத்திவாரம் வேண்டும். பெரும் பாகங்களை ஏற்றிச்செல்ல உயர்ந்த பாதை வேண்டும். தாழ்ந்த நிலத்தில் அப்பாதை குறுக்கிட்டால் மாரிவெள்ளம் எங்கே வடியும் என்று மன்னார் மக்கள் கேட்டது மூடக் கேள்வியா? 2025 ஓகஸ்டில் அவர்கள் வீதியில் இறங்கியபின்னரே வேலை ஒரு மாதம் நிறுத்தப்பட்டது. செப்டெம்பர் இறுதியில் பொலிஸ் காவலுடன் பாகங்கள் கொண்டுவரப்பட்டபோது மோதல் மூண்டது. தொடக்கத்திலேயே ஊர் மண்டபத்தில் பேசியிருந்தால் தீர்ந்திருக்கக்கூடியது, நள்ளிரவில் நடுத்தெருவுக்கு வந்தது.

அறிவியலில் முன்னேறிய நாடுகளும் இப்பாடத்தைப் பட்டே படித்தன. சுவிற்சர்லாந்தின் பாசல் நகரில், பூமியின் அடிவெப்பத்திலிருந்து மின்சாரம் பெறுவதற்காக ஐந்து கிலோமீற்றர் ஆழத்துக்குத் துளையிட்டு நீரைச் செலுத்தினர். 2006 டிசம்பரில் நகரமே அதிர்ந்தது. சுவர்களில் வெடிப்புகள் தோன்றின. 2009இல் திட்டம் கைவிடப்பட்டது. டென்மார்க்கு வேறு வழி கண்டது. புதிய காற்றாலையில் குறைந்தது 20 வீதப் பங்கை 4.5 கிலோமீற்றருக்குள் வாழ்வோர் விலைக்கு வாங்க வாய்ப்பளிக்க வேண்டும் என்று 2008இல் சட்டமியற்றியது. 2020இல் அம்முறையை மாற்றி, அயலவருக்கு ஆண்டுதோறும் பணம் கிடைக்க ஏற்பாடு செய்தது. ஓசையைக் கேட்பவனுக்கு வருவாயிலும் ஒரு பங்கு என்பதே அதன் தத்துவம்.

பளையில் கிளாலிக் கடலேரியோரம் காற்றாலைகள் ஆண்டுக்கணக்காகச் சுழல்கின்றன. பூநகரிக்கும் நாளை வேறொரு கம்பனி வரும். காற்று இருக்கும்வரை வந்துகொண்டேயிருக்கும். ஆகவே நாம் வேண்டுவன மூன்று. வீட்டுக்கும் விசிறிக்கும் இடையிலுள்ள தூரம் ஒப்பந்தத்திற்கு முன்னரே வரையறுக்கப்பட வேண்டும். கிணற்றுநீரும் வெள்ளம் வடியும் வழியும் முதலில் ஆராயப்பட்டு, அந்த அறிக்கை ஊரவர் படிக்கக்கூடிய தமிழில் பிரதேச செயலகத்தில் வைக்கப்பட வேண்டும். வருவாயில் ஒரு பங்கு அந்தந்தக் கிராமத்தின் பள்ளிக்கும் குளத்துக்கும் சேர வேண்டும்.

கேட்டால் மறுத்துவிடுவார்கள் என்று அதிகாரிகள் அஞ்சலாம். சிலர் மறுக்கவுங்கூடும். புறப்படும்போது சிறியதந்தையாரிடம், “கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்?” என்றேன். அவர் சற்று யோசித்தார். “வயலுக்கு அப்பால், தரவைக் காணியிலே வைக்கச் சொல்லியிருப்பேன். அங்கேதான் காற்றும் அதிகம்” என்றார்.