நிக்கத் தெரியாத வண்டிக்கு ஓட்டம் எதுக்கு?

தாராவியில் இருக்கும் என் சித்தி மகன் ஒரு காண்டசா வாங்கியிருக்கிறான். 1996 மாடல், கறுப்பு. போன ஞாயிறு செம்பூரில் எங்கள் பில்டிங் வாசலில் கொண்டு வந்து நிறுத்தி ஹாரன் அடித்தான். வாட்ச்மேன் முதல் மூன்றாம் மாடி மாமி வரை எட்டிப் பார்த்தார்கள். அழகில் குறையே சொல்ல முடியாது. நாலு கதவு வண்டிதான். ஆனாலும் அந்த நீள மூக்கைப் பார்த்தால் பழைய இங்கிலீஷ் படத்தில் வரும் ரெண்டு கதவு கூபே மாதிரியே இருக்கும்.

"அண்ணே, இன்ஜினை மாத்தப் போறேன். டபுள் பவர். பதினேழு இஞ்ச் அலாய் போட்டு, ஸ்பிரிங்கை ரெண்டு சுத்து வெட்டி இறக்கிட்டா சும்மா கும்முனு நிக்கும். ஆடிக் கொடைக்கு அம்மாவை இதிலதான் ஊருக்குக் கூட்டிட்டுப் போறேன்."

"பிரேக்?"

"அது நல்லாத்தான் பிடிக்குதுண்ணே."

இந்த ஒரு வரிதான் என்னைப் புலம்ப வைத்தது. மக்களே, கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

காண்டசாவை இந்துஸ்தான் மோட்டார்ஸ் 1984 முதல் 2002 வரை தயாரித்தது. வடிவம் இங்கிலாந்தின் வாக்ஸ்ஹால் விக்டரிலிருந்து வந்தது. முதலில் அம்பாசடரின் 1,489 சிசி இன்ஜின், பிறகு இசுஸுவின் 1.8 லிட்டர். மந்திரிகளும் முதலாளிகளும் போன வண்டி. ஜெயலலிதாவின் தேர்தல் சொத்துப் பட்டியலில்கூட 1990 மாடல் காண்டசா ஒன்று இருந்தது. ஆக, அந்தஸ்துக்குக் குறைவில்லை. ஆனால் எவ்வளவு புதிதாக இருந்தாலும் அதற்கு 20 வயது தாண்டிவிட்டது. ரப்பருக்கும் பிரேக் ஆயிலுக்கும் அந்தஸ்து தெரியாது.

ஒரு சின்னக் கணக்கு. வண்டி சுமார் 1,200 கிலோ. ஐந்து பேர், ஊருக்குக் கொண்டுபோகும் மூட்டை முடிச்சு எல்லாம் சேர்த்து 1,600 கிலோ என்று வையுங்கள். 60 கிமீ வேகத்தில் இதை நிறுத்த பிரேக் விழுங்க வேண்டிய சக்தி சுமார் 2.2 லட்சம் ஜூல். 100-ல் 6.2 லட்சம். வேகம் ஒன்றரை மடங்கைக் கொஞ்சம் தாண்டியதற்கே சூடு கிட்டத்தட்ட மூன்று மடங்கு.

ஊரிலிருந்து திரும்பும்போது கண்டாலா காட் இறங்கணும். லோனாவாலாவிலிருந்து கோப்போலி வரை உயரம் சுமார் 500 மீட்டர் குறைகிறது. அதே 1,600 கிலோவுக்குக் கணக்குப் போட்டால் 78 லட்சம் ஜூல். அதாவது 100 கிமீ வேகத்திலிருந்து பன்னிரண்டு முறை அடுத்தடுத்து நிறுத்துவதற்குச் சமம். சின்ன கியரில் வந்தால் இன்ஜின் ஒரு பங்கைத் தாங்கும். பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுகிறோமே, அப்போது காற்று தாங்குவது போக மீதி முழுக்க பிரேக் தலையில். இன்ஜினையும் அணைத்துவிட்டால் பூஸ்டரும் போச்சு. மிதி கல்லாகிவிடும்.

இதைப் படித்துத் தெரிந்துகொண்டேன் என்று நினைக்காதீர்கள். பத்து வருஷத்துக்கு முன் நானும் ஒரு பழைய பெரிய வண்டி வைத்திருந்தேன். ஸ்டீரியோ, சீட் கவர், பெயின்ட் என்று செலவழித்தேன். புனேயிலிருந்து மழையில் வரும்போது காட் இறக்கத்தில் பிரேக் மிதி பஞ்சு மாதிரி உள்ளே போனது. பின் சீட்டில் அம்மா, மடியில் என் மகள். கியரைக் குறைத்து, கைபிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து எப்படியோ ஓரம் கட்டினேன். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. பிள்ளையைக் கெட்டியாகப் பிடித்த கையை அரை மணி நேரம் எடுக்கவில்லை. மறுநாள் மெக்கானிக் டப்பாவைத் திறந்து காட்டினார். பிரேக் ஆயில் மாட்டுங்கா ஃபில்டர் காபி டிகாஷன் மாதிரி இருந்தது.

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தைக் குடிக்கும். டாட் 4 ஆயில் புதிதாக இருந்தால் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறினால் அந்த அளவு 155 வரை இறங்கிவிடும். கொதித்தால் குழாயில் ஆவி. ஆவியை அமுக்கினால் அமுங்கும், பிரேக் பிடிக்காது. தம்பி தெருவில் நாலு முறை மிதித்துப் பார்த்து "நல்லாத்தான் பிடிக்குது" என்கிறான். தாராவி 90 அடி ரோட்டில் எந்த பிரேக்தான் பிடிக்காது? :-)

"இரும்பு பாடிண்ணே, ஒண்ணும் ஆகாது" என்பது அடுத்த வாதம். இரும்பு என்பதால்தானே எடை? எடை என்பதால்தானே நிற்க மாட்டேன் என்கிறது?

ஸ்பிரிங் வெட்டுவதைப் பற்றிப் பேசினாலே எனக்குக் கோபம் வரும். வெட்டிய ஸ்பிரிங்குக்கு ஆட இடமில்லை. பள்ளத்தில் அடி நேரே பாடிக்குப் போகும். ஷாக் அப்சார்பர் செத்திருந்தால் சக்கரம் குதிக்கும். குதிக்கிற சக்கரம் தரையில் இல்லை. தரையில் இல்லாத சக்கரத்துக்கு எந்த பிரேக் போட்டு என்ன பயன்? புஷ் தேய்ந்திருந்தால் அழுத்தி மிதிக்கும்போது வண்டி ஒரு பக்கம் இழுக்கும்.

பெரிய டிஸ்க் போட்டால் தீர்ந்ததா? அதுவும் பாதி உண்மைதான். பெரிய டிஸ்க் சூட்டைத் தாங்கும். கடைசியில் வண்டியை நிறுத்துவது டயர்தான். முன்னால் மட்டும் பெரிதாகப் போட்டு மாஸ்டர் சிலிண்டரை அப்படியே விட்டால் மிதி ஆழமாகப் போகும், முன்பின் சமநிலையும் கெடும்.

என் கணக்கில் வரிசை இது: முதலில் பிரேக் ஆயில், ரப்பர் ஹோஸ், மாஸ்டர் சிலிண்டர். பிறகு பேட், டிஸ்க், பின்னால் டிரம், ஷூ. பிறகு புஷ், பால் ஜாயின்ட், நாலு ஷாக்கும், கடைசியாக நல்ல டயரும் அலைன்மென்ட்டும். குர்லா சி.எஸ்.டி. ரோட்டில் பழைய சாமான் என்ன வேண்டுமானாலும் கிடைக்கும். கதவுக் கைப்பிடி, விளக்கு, கண்ணாடி எல்லாம் பேரம் பேசி வாங்குங்கள். பிரேக் சாமானைப் பழசு வாங்காதீர்கள். இதெல்லாம் முடிந்து காசு மிஞ்சினால் இன்ஜினைப் பற்றி யோசிக்கலாம். அதிலும், ஆர்.சி. புக்கில் உள்ள தயாரிப்பாளரின் விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆர்.டி.ஓ.வைக் கேட்காமல் கை வைத்தால், விபத்து நடந்த அன்றைக்கு இன்சூரன்ஸ்காரன் கேட்பான்.

புது பெயின்ட்டைப் பார்த்து நாலு பேர் பாராட்டுவார்கள். புது ஹோஸை யார் குனிந்து பார்க்கப் போகிறார்கள்? அதனால்தான் நம்மாட்கள் அதில் காசு போடுவதில்லை. மும்பையில் சம்பாதித்ததை ஊரில் காட்ட வேண்டும், புரிகிறது. 1,600 கிலோமீட்டர் தாண்டிப் போய்க் காட்டுவதற்கு முதலில் போய்ச் சேரணுமே.

தம்பியிடம் இவ்வளவும் சொன்னேன். முகம் சுருங்கிவிட்டது. "சரிண்ணே, இன்ஜின் அடுத்த வருஷம்" என்றான். நம்பிக்கை இல்லை. அதனால் சித்திக்கே போன் போட்டுச் சொல்லிவிட்டேன். பிரேக் வேலை முடிந்த பில்லைப் பார்க்காமல் அவள் அந்த வண்டியில் ஏற மாட்டாள்.