கால்ஷீட் இல்லாத ஸ்டூடியோ

வீட்டிலேயே எலெக்ட்ரானிக் ஆல்பம் செய்துகொண்டிருக்கும் ஒருவரிடம் வேலை எந்த அளவில் இருக்கிறது என்று கேட்டால், "பாட்டெல்லாம் ஆயிடுச்சு, மிக்ஸிங்தான் பாக்கி" என்பார். கேட்டவர் அடுத்த மாதம் ஆல்பம் வந்துவிடும் என்று நினைத்துக்கொள்வார். நான்கு மாதம் கழித்துக் கேட்டாலும் அதே பதில்தான் வரும். எல்லாம் கம்ப்யூட்டரே செய்துவிடுகிறதே, இதில் என்ன இத்தனை இழுத்தடிப்பு என்ற எண்ணம் வருவது இயல்பு. ஆனால், இழுப்பதே அந்தக் கம்ப்யூட்டரின் வசதிதான். அது எப்படி என்று கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

முதலில், கருவிகள் போதாமல் இருப்பது இன்று பெரிய தடை அல்ல. லண்டனைச் சேர்ந்த கீரன் ஹெப்டன், ஃபோர் டெட் என்ற பெயரில் இசையமைப்பவர். 2017-இல் 'நியூ எனர்ஜி' ஆல்பத்தைத் தன் சொந்த லேபிளில் வெளியிட்டபோது, அதை உருவாக்கிய இடத்தின் படத்தையும் பகிர்ந்தார். ஒரு மேசை, ஒரு கம்ப்யூட்டர், ஒரு ஜோடி ஸ்பீக்கர், இன்னும் ஓரிரு சாமான்கள், அவ்வளவுதான். பில்லி ஐலிஷின் முதல் ஆல்பம் பெரும்பாலும் லாஸ் ஏஞ்சலஸில் அவருடைய அண்ணனின் படுக்கையறையில் பதிவானது. 2020-இல் அந்த ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்கான கிராமி விருது அதற்குத்தான் போனது. ஆக, அறையும் கருவியும் போதும். போதாமல் இருப்பது வேறொன்று.

டேப்பில் பதிவு செய்த காலத்து வாடகை ஸ்டூடியோவை நினைத்துப் பாருங்கள். மணிக்குக் காசு. வாசிப்பவர்களுக்குக் கால்ஷீட் கணக்கு. டேப்பில் 24 டிராக் நிரம்பிவிட்டால், புதிதாக ஒன்றைச் சேர்க்கப் பழையதில் இரண்டைக் கலந்து ஒன்றாக்க வேண்டும். அப்புறம் பிரிக்க முடியாது. வயலின் கொஞ்சம் தூக்கலாக இருக்கிறதே என்று யோசிப்பவரை, வாசலில் காத்திருக்கும் அடுத்த பார்ட்டி யோசிக்க விடாது. இந்த நெருக்கடியைச் சபிக்காத இசையமைப்பாளர் இருக்க முடியாது. ஆனாலும் ஒவ்வொரு நாளும் ஏதாவதொரு முடிவை எடுக்க வைத்தது அதுதான். வீட்டில் அந்த நெருக்கடி இல்லை.

அதற்குமேல் மிடி. 1983-இல் அறிமுகமான இந்த முறையில் பதிவாவது ஒலியே அல்ல. எந்தக் கட்டை, எவ்வளவு அழுத்தம், எவ்வளவு நேரம் என்ற கட்டளைகள் மட்டும்தான். இன்று பியானோவாக ஒலிப்பதை ஆறு மாதம் கழித்து மணியோசையாக மாற்றலாம். வேகத்தைக் கூட்டலாம், சுருதியை இறக்கலாம். மாற்ற முடிகிறவரை எதுவும் முடிந்ததாகாது. எட்டு பார் நீளத்துக்கு, திரும்பத் திரும்ப ஒலிக்கும் ஒரு லூப்பை ஒரே சாயங்காலத்தில் செய்துவிடலாம். கேட்க அபாரமாகவும் இருக்கும். அதை ஐந்து நிமிடப் பாட்டாக வளர்க்கும்போதுதான் எதை எப்போது உள்ளே விடுவது, எதை நிறுத்துவது என்ற கேள்விகள் வரிசையாக வரும். அதைவிட இன்னொரு லூப் செய்வது சுலபம். இப்படி அஸ்திவாரம் மட்டும் போட்ட மனைகளாகப் பல ஹார்டு டிஸ்குகள் நிரம்பிக் கிடக்கின்றன.

அடுத்தது, பதிவான ஒலிகளின் அளவைச் சமன்செய்து ஒன்றாகக் கலக்கும் மிக்ஸிங். இங்கே அறையும் தன் வேலையைக் காட்டும். 12 அடி நீளமுள்ள அறையை எடுத்துக்கொள்வோம். எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடையே 47 ஹெர்ட்ஸை ஒட்டிய ஒலி எதிரொலித்துத் தேங்கிவிடும். சுவரோரம் அது வீங்கிக் கேட்கும். அறையின் நடுவே ஏறக்குறைய மறைந்துவிடும். எலெக்ட்ரானிக் இசையின் கிக் டிரம் அடிநாதம் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் இருக்கிறது. நடுவில் நாற்காலி போட்டு உட்காருகிறவர் பேஸ் போதவில்லை என்று ஏற்றுவார். அதே பாட்டைக் காரில் போட்டால் கதவு அதிரும். திரும்பி வந்து குறைப்பார். அப்போது ஹெட்போனில் சப்பென்று இருக்கும். சுவரில் முட்டை அட்டை ஒட்டுவதால் இது தீராது. அது மேல்ஸ்தாயியைத்தான் கொஞ்சம் மழுக்கும். ஏழு மீட்டருக்கு மேல் நீளமுள்ள அலையை அவ்வளவு மெல்லிய பொருளால் என்ன செய்துவிட முடியும்? நாற்காலியை நகர்த்துவதும், மூலைகளில் தடிமனான பஞ்சுப் பலகைகளை நிறுத்துவதும், தெரிந்த பாட்டுகளை அதே ஸ்பீக்கரில் போட்டு ஒப்பிடுவதும்தான் வழி. 'மிக்ஸிங்தான் பாக்கி' என்ற இரண்டு சொல்லுக்குள் இவ்வளவு வேலை இருக்கிறது.

முடிவெடுக்காமல் தள்ளிப்போடும் இந்தச் சுழலிலிருந்து மீண்டவர்கள் என்ன செய்தார்கள்? லண்டனின் பரியல் 2007-இல் வெளியிட்ட 'அன்ட்ரூ' ஆல்பத்தை, சவுண்ட் ஃபோர்ஜ் என்ற ஒலி எடிட்டிங் மென்பொருளில் செய்ததாகச் சொல்லியிருக்கிறார். பல டிராக்குகளை அடுக்கி, கட்டத்துக்குள் தாளத்தைப் பொருத்திக் கொடுக்கும் மென்பொருள் அல்ல அது. திரையில் தெரியும் அலைவடிவத்தைக் கண்ணால் பார்த்தே தாளத்தை வைக்க வேண்டும். வைத்ததைக் கலைத்துப் பார்ப்பது சிரமம் என்பதால், வைக்கும்போதே முடிவெடுத்தாக வேண்டும். கட்டத்தில் ஒட்டாமல் கொஞ்சம் தள்ளாடும் அந்தத் தாளம்தான் பிறகு அவருடைய முத்திரையானது.

எல்லோரும் பழைய மென்பொருளுக்குப் போக வேண்டியதில்லை. எத்தனை பாட்டு தொடங்கியிருக்கிறது என்பதை விட்டுவிட்டு, எத்தனை முடிவுகள் இனி மாறாது என்று எண்ணினால் போதும். பிடித்த ஒலி கிடைத்ததும் மிடியை ஆடியோவாக மாற்றி, மூலத்தை வேறு ஃபோல்டரில் போட்டுவிடுவது ஒரு முடிவு. பன்னிரண்டு பாட்டில் நான்கைக் கழிப்பது இன்னொன்று. வேலை பின்னால் போகிறதோ என்று தோன்றினாலும், ஆல்பம் நகர்வது அன்றைக்குத்தான்.

லேபிள் இருந்தால் தேதி கேட்டு நச்சரிக்கும். சுயாதீனக் கலைஞரை நச்சரிக்க யாருமில்லை. அவர் தேதியைத் தானே விலைக்கு வாங்க வேண்டியிருக்கிறது. அதற்கு நல்ல வழி, மிக்ஸிங் தொடங்கும் முன்பே மாஸ்டரிங் செய்பவரிடம் ஒரு நாளைக் குறித்து, முன்பணத்தையும் கட்டிவிடுவது. மிக்ஸ் ஆன பாட்டை வேறொருவர், வேறொரு அறையில், புதுக்காதோடு கேட்டு இறுதி வடிவம் கொடுக்கும் கட்டம்தான் மாஸ்டரிங். கொடுத்த பணம் திரும்பாது என்று தெரிந்த பிறகு, கிக் டிரம்மை இன்னும் அரை டெசிபல் ஏற்றலாமா என்ற யோசனை தானாகவே சுருங்கிவிடும்.